பங்குனித் திங்களும் பனிப்பாதையும்

லண்டன் நோர்பரியில் சிவகௌரி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். யாராவது லீவு போட்டால் மனேச்சர் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். இடுப்பு வலித்தாலும் ஓம், காய்ச்சல் அடித்தாலும் ஓம். 'ஏலாது' என்ற சொல் அவள் வாயில் வந்ததேயில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு!

ஈஸ்டர் திங்கள் லீவுக்குக் கணவர் தவராசாவும் சிநேகிதர் குகதாசனும் வேல்ஸ் மலைக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். அன்று அம்மன் விரத நாளான பங்குனித் திங்கள் என்பது இரண்டு ஆம்பிளைகளின் மண்டையிலும் ஏறவில்லை. தவராசாவின் நெஞ்சு டெஸ்டில் ஒரு பிழையுமில்லை என்று வந்தால் நாலு திங்களும் விரதம் பிடிப்பதாக அம்மாளாச்சிக்கு அவள் நேர்ந்திருந்தாள். அப்படியே வந்தது. சொன்னால் மனுசன் கத்துவார். சீனிவருத்தக்காரி அல்லவா? மலையடிவாரக் குளத்தைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் நடப்பதுதானே என்று வாயை மூடிக்கொண்டாள். காலையில் சீனியில்லாத வெறும் தேத்தண்ணியோடு, சீனியைக் குறைக்கும் குளிசையையும் வெறுவயிற்றில் விழுங்கினாள். அங்கேதான் பிழை விட்டாள்.

குளக்கரையில் கார் விட இடமில்லை. குகதாசன் சொன்ன அடுத்த பாதையோ பூட்டிக் கிடந்தது.

"அப்ப மலைப்பாதையாலை ஏறுவம் அண்ணை. உச்சிவரைக்கும் போகத் தேவையில்லை" என்றார் அவர்.

"கௌரி, உமக்கு ஏலுமோ?" என்று தவராசா கேட்டார்.

"ஓம்."

வசந்தமாம் வசந்தம்! கீழே ஆட்டுக்குட்டிகள் துள்ளின, மேலே பாதையையே காணவில்லை, எல்லாம் பனி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். ஆம்பிளைகள் கதைத்தபடி முன்னே போனார்கள். அவளுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. விரல்கள் நடுங்கின. இல்லத்தில் எத்தனை கிழவிகளுக்கு இதைப் பார்த்திருப்பாள்! சீனி இறங்குகிறது. முன்னால் தெரிந்த கல்லடிவரைக்கும் போவோம் என்று நினைத்தாள். கல் இரண்டாகத் தெரிந்தது. சப்பாத்து சறுக்க, ஒரு கால் பள்ளத்துப் பக்கம் போனது. பாறையை இறுக்கிப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ! எனக்கு ஏலாது!"

தவராசா திரும்பி ஓடிவந்தார். அந்தச் சொல்லே அவரை உலுக்கிவிட்டது. விரதத்தைச் சொன்னாள், குளிசையைச் சொன்னாள். குகதாசன் பையைக் கொட்டினார். ஆட்டிறைச்சி றோல்ஸும் ஒரு ஜெலி இனிப்புப் பைக்கற்றும் விழுந்தன. வழக்கத்தில் அவள் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்காமல் எதையும் தொடமாட்டாள். ஜெலியில் மாட்டெலும்பு சேருமே! வாயை இறுக்கி மூடினாள்.

"அம்மாளாச்சி என்னைக் காப்பாத்தினது நீர் சாகவோ?" தவராசா ஒரு ஜெலியை அவள் வாயருகே நீட்டினார். "வாயைத் திறவும்!"

திறந்தாள். அழுதுகொண்டே மென்றாள். நடுக்கம் நின்றபிறகு இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, அவளை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்கள்.

காரில் ஏறியதும் போன் அடித்தது. மனேச்சர்! விடிய ஷிப்டுக்கு ஆளில்லையாம். தவராசா அவள் முகத்தையே பார்த்தார்.

"ஸாரி" என்றாள் சிவகௌரி. "ஐ கான்ற்."

போனை வைத்துவிட்டு, மிச்ச ஜெலி எங்கே என்று கேட்டாள்.