தங்கை விளைவித்த சூரியகாந்தி

விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர். யார் சொன்னாலும் முளைத்த விதைகளின் கணக்கில் ஒன்றைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். பக்கத்து மேசைக்காரி பிறந்தநாள் இனிப்பு நீட்டினால்கூட, கொடுப்பவளுக்கு வேண்டியவர்கள் விதை ஏதாவது சோதனைக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

அப்படிப்பட்டவள் மேசைக்கு ஒருநாள் தங்கையின் சூரியகாந்தி வந்தது. உறையில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஆனால் அந்தச் சாம்பல் வரி விதையைச் சுற்றுவட்டாரத்தில் விளைவிப்பவள் தங்கை ஒருத்திதான். முளைப்பு குறைந்தால் விளைச்சல் மொத்தமும் எண்ணெய் ஆலைக்குப் போகும். விதைக் கம்பெனி இனி அவளை நம்பி விதை விளைவிக்கும் வேலை கொடுக்காது. தராசு இதை மேலதிகாரியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை வருஷமும் சொந்தக்காரர்கள் விதையை அடையாளம் பார்த்துத்தான் சோதித்தாளோ என்று நினைப்பார்களே என்று பயம்.

புதிதாக அறுத்த சூரியகாந்தி லேசில் முளைக்காது. விதைக்குள் அப்சிசிக் அமிலம் என்றொரு ஹார்மோன், இப்போது வேண்டாம், படு என்று அதட்டி வைத்திருக்கும். எழுப்பிவிடும் ஜிப்ரெலின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்க வேண்டுமானால் ஈரத்தோடு கொஞ்சம் குளிரும் பட வேண்டும். அதனால் புது விதையை ஈரத்தாளில் சுருட்டிச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பிறகுதான் வெதுவெதுப்பான முளைப்புப் பெட்டிக்கு மாற்றுவது அங்கே வழக்கம். முன்பின் தெரியாதவர்கள் விதைக்கும் அதைத் தவறாமல் செய்தவள், தங்கை விதைக்கு மட்டும் செய்யவில்லை. குளிர்பெட்டியின் கைப்பிடியைத் தொட்டதும் அது சலுகை காட்டுவது போல இருந்தது. பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்? சுருளை நேராக முளைப்புப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

திறந்து பார்த்த அன்று பாதிகூட முளைக்கவில்லை. முளைக்காதவற்றை இடுக்கியால் அழுத்திப் பார்த்தாள். செத்த விதை என்றால் கூழாக நசுங்கும். இவை விறைப்பாக நின்றன. உயிரோடுதான் இருந்தன, தூங்கிக்கொண்டிருந்தன. தூங்கவிட்டவள் அவள்தான்.

மேலதிகாரி அறை வாசல்வரை போனாள். திரும்பி வந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி போய், உட்காரச் சொல்லும் முன்பே கொட்டிவிட்டாள்.

“அது என் தங்கச்சி விதை மேடம். தெரிஞ்சேதான் குளிர்ல வைக்காம விட்டேன்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊரார் விதைக்கெல்லாம் செஞ்சீங்க. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் ஏன் செய்யல?”

தராசு அழுதுவிட்டாள்.

குளிர்பெட்டியிலிருந்தே தொடங்கும் மறுபரிசோதனை பக்கத்து மேசைக்காரியிடம் போனது. தராசு அந்தப் பெட்டிப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. போகவில்லைதான், ஆனால் அதன் மோட்டார் சத்தம் நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். தாளில் பூஞ்சை பிடித்தால்? குளிர் போதாமல் போனால்? வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கண்ணில் படவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட கணவன்மேல் எரிந்து விழுந்தாள். தங்கையின் போனை எடுக்கவே இல்லை.

விதை தேறிவிட்டது. பக்கத்து மேசைக்காரி சுருளைப் பிரித்துக் காட்டியபோது, வெள்ளை வேர்கள் வரிசையாக நீண்டிருந்தன. தராசு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

முடிவு தங்கைக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை அவள் போனை எடுத்தாள். தங்கை குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

“அக்கா, நீதானே பாத்து செஞ்சே? யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

எந்தப் பேச்சுக்குப் பயந்து அத்தனையும் செய்தாளோ, அந்தப் பேச்சு நன்றியாக வந்து நின்றது.

“நான் பாத்ததுல முளைக்கலடி,” என்றாள் தராசு. “யாரோ ஒருத்தி பாத்ததுலதான் முளைச்சிருச்சு.”

அக்காவுக்கு எப்போதும் இந்தத் தன்னடக்கம்தான் என்று தங்கை சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை தராசு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.