லாரி தெரிந்தது, வெடி தெரியவில்லை

கல்குவாரி விசாரணையில் குவாரிக்காரரின் வக்கீல் என்னுடைய வரைபடத்தையே எடுத்து நீட்டியபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யார்மேல் என்று கேட்டால், என்மேல்தான்.

நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறவள். நில அதிர்வுப் பதிவுகளை வேவ்லெட் முறையில் சுருக்குவதுதான் தலைப்பு. தாராபுரம் போகும் வழியில் ஒரு குவாரிக்கு அருகே, மாடு வளர்க்கும் ஓர் அக்காவின் தோட்டத்தில் அதிர்வைப் பதியும் கருவியைப் புதைத்திருந்தேன். வெடி வைக்கும்போதெல்லாம் வீடு அதிர்ந்து, சமையல்கட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுவிட்டது என்று மனுமேல் மனு கொடுத்தவர் அவர். அதிகாரிகள் ஆதாரம் கேட்டே திருப்பி அனுப்பிவிட்டார்கள். குவாரியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் விசாரணை வந்தது. அதில் என் பதிவுதான் அவருக்கு ஒரே பிடி.

“ஏனுங்க மேடம், இந்தப் பொட்டி பொய் சொல்லாதுங்களே?”

“சொல்லாதுங்க அக்கா” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அந்தத் தோட்டத்தில் சிக்னல் வந்தால் உண்டு. நாள் முழுக்கப் பதிவானதை அப்படியே அனுப்ப வழியில்லை. கருவியே சுருக்கி அனுப்பும்படி செய்தேன். வேவ்லெட் முறையில் அதிர்வைப் பெரிதும் சிறிதுமான துண்டு அலைகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். சின்ன எண்களைப் பூஜ்யமாக்கிவிட்டு மீதியை அனுப்பினால் போதும், இங்கே சேர்த்தால் ஏறக்குறையப் பழைய அலையே கிடைக்கும். எது சின்னது என்பதை அந்த மணி நேரத்தின் மிகப் பெரிய அலையோடு ஒப்பிட்டு முடிவுசெய்யச் சொல்லியிருந்தேன். அனுப்பியதும் கருவியின் மெமரி கார்டிலிருக்கும் மூலப் பதிவு அழிந்து அடுத்ததற்கு இடம் விடும். என் வழிகாட்டிக்கு ஒரே கேள்விதான்: “எவ்வளவு சுருங்குச்சுங்க?” சுருங்கச் சுருங்க அவர் முகம் மலரும். என் முகமும்தான்.

அந்த மிதப்பிலேயே அறிக்கையைக் கொடுத்தேன். எவ்வளவு சுருங்கியது என்று பார்த்தேனே தவிர, வெடி வைத்த நேரங்களைப் பார்க்கவில்லை. இதைவிட மடத்தனம் உண்டா?

“மேடமே போட்ட கிராஃபுங்க. லாரி போனதெல்லாம் இருக்குது, வெடிதானுங்க இல்லை” என்றார் வக்கீல்.

“நேத்துக்கூட டம்ளர் உருண்டு உழுந்துச்சுங்களே!” அக்கா விசாரணை அதிகாரியைப் பார்த்தார், பிறகு என்னை. நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோதுதான் புரிந்தது. குவாரியின் டிப்பர் லாரிகள் நான் கருவியைப் புதைத்த வேலியை ஒட்டித்தான் போகும். கருவிக்கு அதுதான் பெரிய அதிர்வு. அதோடு ஒப்பிட்டால் குவாரிக்குள் வைக்கும் வெடி சின்னது, அதனால் பூஜ்யம். அங்கே கல் ஏற்றப் போகும் லாரியை வைத்தே வெடியை மறைத்திருக்கிறேன். குவாரிக்காரரே காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டேன்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். “சரிங்க, மூலப் பதிவு இருக்குங்களா?”

இல்லை. உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப பொட்டிக்குக் கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சுங்க. நான்தான் வேண்டாம்னு தள்ளிட்டேன்.”

இப்போது வெடிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் வருகிறது, பாதி நாள் வகுப்பு நடுவில். நேரத்தைச் சொல்வார், நோட்டில் எழுதிக்கொள்வேன். கையால் எழுதியதை எந்த அலுவலகமும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. அவருக்கும் தெரியும். போன வாரம் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருந்தார்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேனுங்க.”

“இதையாச்சும் அழிச்சுப்போடாதீங்க, மேடம்.”