கொக்கியில் பதினோரு கேபிள்

மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் பொருளை எடுத்துக் கொடுப்பது கால் பங்கு வேலை. வந்தவருக்கு வேண்டியது எது என்று கண்டுபிடிப்பதே மீதி முக்கால் பங்கு. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பொழுதைக் கழிக்கும் சக கடைக்காரர்களான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீடாமங்கலத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அப்படித்தான் நிற்கிறேன். அன்று காலை மணி ஒன்பது இருபது, வைகாசி வெயில், எதிர்க்கடைப் பதாகைகூட அசையவில்லை.

விரலால் அளந்தவர்

வந்தவர் நில அளவையர் குணசேகரன். ஊரார் வரப்பை அரை அங்குலம் பிசகாமல் அளப்பவர், தம் வண்டிக்கு வேண்டிய வாஷரைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். சட்டைப் பொத்தானாகத் தொடங்கிய அளவு, பேச்சு முடிவதற்குள் மெதுவடையாகியிருந்தது.

வண்டிக்கு வயது இருபத்திரண்டு. எஞ்சினுக்கு அடியில் நாளைக்கு இரண்டு சொட்டு ஆயில் கசிகிறதாம். அவர் மனைவி செல்வராணி ஆசிரியை. மறுநாள் காலை திருவாரூரில் அவருக்கு மாறுதல் கலந்தாய்வு. கசிவை நிறுத்தி, அதே வண்டியில் அவரை அழைத்துச் செல்வது திட்டம். இரண்டு சொட்டுத்தானே, போய்வந்த பிறகு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றேன்.

"பத்து நிமிஷ வேலைங்க. மெக்கானிக்கிட்ட விட்டா நாளைக்குக் காலை வரைக்கும் இழுத்துடுவாரு."

ஸ்பேனருக்கு வால்

பதினொன்றே காலுக்கு மீண்டும் வந்தார். கையில் செய்தித்தாளில் பொதிந்த ஆயில் போல்ட், எஞ்சினுக்கு அடியில் ஆயிலை அடைத்து நிற்பது. அதன் மரையில் வெள்ளிக் கம்பிபோல் ஏதோ சுற்றியிருந்தது. அது எஞ்சினின் உட்புற மரை. கசிவு அடியோடு நிற்கட்டும் என்று, ஸ்பேனரின் முனையில் மூன்றடிக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்.

சற்றுப் பெரிய போல்ட் ஒன்றைக் கொடுத்து, கையால் முறுக்கினாலே போதும் என்று இரண்டு முறை சொன்னேன். அவருக்கு வேறொரு வருத்தம் இருந்தது.

"ஏறி நின்னா தாங்காதுன்னா, அத ஏங்க போல்ட்டுன்னு போட்டு விக்கிறாங்க?"

காணொளியில் இல்லாதது

ஒன்றரை மணிக்கு வந்து ஆயில் கேட்டார். காலையில்தானே ஒரு லிட்டர் வாங்கினீர்கள் என்றேன். ஊற்றிவிட்டாராம். மேலே ஊற்றிக்கொண்டிருந்தபோது, கீழே மாட்ட வேண்டிய புது போல்ட் அவருடைய சட்டைப்பையில் இருந்திருக்கிறது. முழு லிட்டரும் முற்றத்தில் ஓடி, காய்ந்துகொண்டிருந்த வற்றலுக்கு அடியில் தேங்கியிருக்கிறது. கைப்பேசியில் இந்திக் காணொளி பார்த்துச் செய்கிறாராம். மொழி தெரியாது, கையசைவு தெரியுமாம்.

"போல்ட்ட மாட்டிட்டு ஊத்தணும்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலைங்க."

செல்வராணியின் கோரிக்கை

நான்கு மணிக்குச் செல்வராணியே வந்தார். பதினோரு ஆண்டுகளாக இரண்டு பேருந்து மாறி முத்துப்பேட்டைப் பக்கம் பள்ளிக்குப் போய்வருகிறவர். இப்போது அவர் தெருவுக்கு அடுத்த தெருப் பள்ளியில் ஓர் இடம் காலி. பெயரைக் கூப்பிடும்போது ஆள் அங்கே இல்லையென்றால், அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"பஸ்ல போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னேங்கக்கா. 'நான் வண்டிய ரெடி பண்ணிவச்சும் நீ பஸ்ல போனா, பாக்கிறவன் என்ன நினைப்பான்'ங்கிறார். வண்டி ரெடியாகலைன்னாதான் எனக்கு பஸ்ஸு."

கிளம்பும்முன் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப கிளட்ச் கேபிள அறுத்துவச்சிருக்கார். கேட்டு வருவார். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா."

என் முதல் 'இல்லை'

எந்தப் பழைய வண்டிக்கும் 'இல்லை' என்ற சொல் என் கடையில் எழுந்ததில்லை. அது ஒன்றே என் கர்வம். ஐந்து மணிக்குக் குணசேகரன் கேட்டதும், "இல்லை" என்றேன். சொல்லும்போது, என் தலைக்குப் பின்னால் அதே கேபிள் பதினொன்று கொக்கியில் தொங்கி, மின்விசிறிக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"அது?" என்றார்.

"அது வேற மாடல்."

ஒரு கணம் பார்த்தார். தலையாட்டினார்.

"நீங்களே இல்லைன்னுட்டா, இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு அர்த்தங்க."

மறுநாள் காலை

செல்வராணி ஆறு நாற்பது பேருந்தில் திருவாரூர் போனார். பெயரைக் கூப்பிட்டபோது முதல் வரிசையில் இருந்தார். அடுத்த தெருப் பள்ளி கிடைத்தது. கணவர் அதே நேரத்தில் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறித் தஞ்சாவூருக்குக் கேபிள் தேடிப் போயிருந்தார். நான் கடையைத் திறந்ததும் பதினொன்றையும் கழற்றி உள்ளே ஒளித்துவைத்தேன்.

பதினொன்றரைக்கு வந்த குணசேகரன், காலிக் கொக்கியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, புதுக் கேபிள் ஒன்றை என் முன் வைத்தார்.

"இன்னொருத்தருக்கு இல்லைன்னு சொல்ற நிலைமை உங்களுக்கு வரக் கூடாதுங்க, அதான் ரெண்டா வாங்கிட்டேன்."

வியாபாரத்தில் பொய் கூடாது என்பார்கள். என் அனுபவம் சொல்வதெல்லாம், பொய் சொல்வதாக இருந்தால் சரக்கை முந்தைய நாளே கொக்கியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பதுதான்.