வாறன் என்று சொன்ன வீடு

அறுபதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சியில் நான் அரசாங்க மருத்துவிச்சி; ஊர்ச்சனத்துக்கு 'மிஸ்ஸி'. சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். எனக்கு வாய் ஓயாது. நோவில் துடிக்கிற பெண்ணைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று ஒரு பெருமை வேறு. ஒரே ஒரு வீடு அதை அடக்கியது.

அங்கே நான் பிரசவம் பார்த்து எடுத்த ஆண்பிள்ளை, பிறந்து இரண்டு மணித்தியாலத்தில் போய்விட்டது. தாய்க்கு அதுதான் தலைப்பிள்ளை. இரத்தம் போய் மயங்கிக் கிடந்தவள், அவனை உயிரோடு காணவே இல்லை. மூன்றாம் நாள் நான் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். பால் கட்டிக் காய்ச்சல். பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. இப்படியே கிடந்தால் மகளையும் பறிகொடுப்பேன் என்று அவளுடைய அம்மா அழுதார்.

பால் கட்டினால் என்ன செய்வதென்று என் கைக்குத் தெரியும். வாய்க்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கையை இரண்டு தரம் கழுவினேன். சுடுநீரில் துணி பிழிந்து ஒத்தடம் கொடுத்தபடி, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நெல்லுக்குப் பூச்சி விழுந்ததா என்று உளறினேன். எப்போது எழும்பி ஓடலாம் என்றிருந்தது. வெளிக்கிடும்போது பழக்கதோஷத்தில், "அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை" என்றேன்.

செத்தவீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"இந்த வீட்டில அந்தச் சொல்லைச் சொல்லலாமோ, மிஸ்ஸி?"

வழி நெடுக என்னை நானே திட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். அடுத்த நாள் வேறு யாரையாவது அனுப்பச் சொல்வோமா என்றுகூட யோசித்தேன். அவளுடைய காய்ச்சலை நினைத்துத்தான் போனேன்.

அம்மா வாசல் படலையிலேயே நின்றார். "உள்ளுக்குப் போங்கோ. விடிஞ்சதிலயிருந்து வாசலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு ஒத்தடம் கொடுத்தேன். அவள்தான் பேசினாள்.

"வந்த சனமெல்லாம் சொல்லாமல் போச்சுது, மிஸ்ஸி. நீங்கள் ஒராள்தான் வாறன் எண்டு சொன்னனீங்கள்." என் பக்கம் திரும்பி, "ஒருத்தரும் அவன்ர கதை எடுக்கினமில்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். தலை நிறைய மயிர் இருந்ததைச் சொன்னேன். துடைக்கத் துடைக்க என் சின்னவிரலைப் பிடித்துக்கொண்டு விடாததைச் சொன்னேன். அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு அம்மா நீட்டிய கஞ்சியை வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

"கண் முழிச்சவனோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. யன்னல் வெளிச்சத்தைப் பாத்தவன்."