பெயர் கூப்பிடும் நாள்

மன்னாரக்காவிடம் நான் பொய் சொன்னேன். "அதிகாரி எனக்குத் தெரிஞ்சவருதாம்மா, போன்ல சொல்லிட்டேன், நீங்க பறிங்க" என்றேன். யாரிடமும் நான் பேசவில்லை. வரப்பில் நின்றபடி அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்ததும், தலையாட்டிவிட்டுத் தக்காளிச் செடிகளுக்குள் மறுபடி குனிந்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுச்சென்ற நிலத்தில் தக்காளி போட்டேன். ஊர் இளைஞர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பறிக்க ஆள் கிடைத்தது அணைக்கட்டு ஓரத்தில் இருந்த இலங்கைத் தமிழர் முகாமிலிருந்துதான். போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள். குடியுரிமைச் சட்டம் மாறப்போகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு கிளம்பும், பிறகு அடங்கிவிடும். பெயர் கூப்பிடும் நாள் மட்டும் தவறாது. அன்று அதிகாரி முகாமுக்கு வருவார். நேரில் வந்து நிற்காதவரின் பெயர் பதிவிலிருந்து போய்விடும்.

முகாம் பெண்களைச் சேர்த்து அழைத்து வருபவர் மன்னாரக்கா. என் மகள் வயதுதான். மன்னாரிலிருந்து வந்தவர் என்று தோட்டத்தில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் எனக்கும் அதே பெயர் வாயில் வந்தது. "ஏனுங்கக்கா, உங்கூர்ல தக்காளிய என்னான்னு சொல்லுவீங்க?" என்று பக்கத்து வயலில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்கள் சீண்டுவார்கள். "தக்காளியெண்டுதான். நாங்கள் என்ன சந்திரனில இருந்தே வந்தனாங்கள்?" என்பார். நான் வரப்பில் நின்று பழைய அரசர்களைப் பற்றி ஏதாவது பேச ஆரம்பித்தால், "ஐயா, பாடத்தை விட்டுட்டு இந்தப் பெட்டியை ஒருக்கா தூக்குங்கோ" என்பார். மதியம் எல்லோரும் புளியமரத்தடியில் உட்காருவோம். விரல்களில் தக்காளி இலையின் பச்சைக் கறை எத்தனை கழுவினாலும் போகாது. கேழ்வரகுக் களியை அவர்கள் அரைத்துக் கொண்டுவரும் தேங்காய்ச் சம்பலோடு தின்னப் பழகியது அந்த நாட்களில்தான். மனைவி இறந்த பிறகு நான் பலரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அங்கே மட்டும்தான்.

அவருடைய கணவர் ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறியவர், பிறகு தகவலே இல்லை. மகளோடு முகாமின் பழைய வரிசையில் ஒற்றை அறையில் இருந்தார். அரசு அங்கே புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. "சமைக்கவெண்டு தனி அறை இருக்காம் ஐயா" என்று அடிக்கடி சொல்வார். அதற்கு மேல் எதையும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

அந்த முறை பெயர் கூப்பிடும் நாளில் தக்காளிக்கு நல்ல விலை. பாலக்கோடு மண்டிக்குப் போகும் லாரி வந்து நின்றது. மற்ற பெண்களை அனுப்பிவிட்டேன். மீதியைப் பறித்துத் தரம் பிரிக்க இவர் ஒருவராவது வேண்டும் என்று நிறுத்திக்கொண்டேன். அதிகாரியைத் தெரியும் என்றது உண்மைதான், என் பழைய மாணவர். கேட்டால் "அனுப்பி வச்சிடுங்க சார்" என்பார் என்பதும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

மாலையில் அவர் முகாமுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. புருஷன் போன வழியில் இவரும் போய்விட்டார் என்று பெயரை எடுத்துவிட்டார்கள். "அம்மா தோட்டத்தில நிக்கிறா" என்று மகள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குடும்பத் தலைவர் பெயர் பதிவில் இருந்தால்தான் புது வீடு என்றார்கள்.

மறுநாளும் வேலைக்கு வந்தார். "உங்கட சொல்லையே அந்தாள் மதிக்கேல்லை. நீங்கள் கவலைப்படாதையுங்கோ ஐயா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டும் பல மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தேன். மாதா கோயிலில் இந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பங்குச் சாமியார், "அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். மடியில் இருந்த பழங்களைப் பெட்டியில் கொட்டிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு நடந்து போனார். அதன் பிறகு அந்தப் பருவம் முழுக்க வரவில்லை.

அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என் மாணவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. பெயர் மீண்டும் ஏறியது. ஆனால் வீடுகளில் அதற்குள் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். முகாமுக்குப் போய், "பம்புசெட்டுப் பக்கத்துல வூடு கட்டித் தரேம்மா, தனிச் சமையலறையோட" என்றேன். அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம் ஐயா. அங்க படுத்தா, திரும்பவும் நான் இல்லையெண்டு எழுதுவினம்."

அடுத்த பருவத்தில் வந்தார். எனக்கு ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். வேலை பற்றிப் பேசினோம், வேறு பேச்சில்லை. பெயர் கூப்பிடும் நாள் மறுபடி வந்தபோது பறிப்பு பாதியில் இருந்தது. என்னிடம் கேட்காமலே கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாங்கோ, போவம்" என்றார். எல்லாப் பெண்களும் அவர் பின்னால் போனார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

நான் அவரிடம் போய், "இன்னிக்கு இவ்வளவுதாங்க" என்றேன்.