பல்லில் கடித்த நெல்

கும்பகோணத்துக்குக் கிழக்கே நான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னால் ஒரு விவசாயியின் வயல். மூன்று மா, ஒரு ஏக்கர்தான், அதுவும் குத்தகை. ஒடிசலான உடம்பு, தலையில் துண்டு, காதில் பாதி பீடி. கதிர் முற்றும் நாட்களில் காலையில் வந்து ஒரு நெல்லைக் கிள்ளி முன்பல்லில் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால்தான் அறுப்பு. நசுங்கினால் துப்பிவிட்டுப் போய்விடுவார்.

அன்றும் கடித்துத் துப்பினார். "இன்னும் ஒரு வாரம் ஆவும் சார்," என்றார். சொல்லி வாய் மூடவில்லை. பக்கத்துப் பெரிய பண்ணையை அறுத்து முடித்த அறுவடை மிஷினைத் துண்டை வீசிக் கூப்பிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது! ஒரு வாரம் ஆகும்னு இப்பதானே சொன்னீங்க?"

"நெல்லுக்கு ஒரு வாரம் ஆவும். மிஷின் இன்னிக்கே வெளியூரு போயிடும் சார். என் மூணு மாவுக்குன்னு திரும்பி வருமா?"

"ஆள் வச்சு அறுக்கலாமே?"

"ஆளு எங்க இருக்கு? எம் பசங்களே திருப்பூர்ல கெடக்கானுவ. பதரு போவ வந்தது வரட்டும். மழை புடிச்சா அதுவும் இல்ல."

மிஷின் வரப்பை நசுக்கிக்கொண்டு இறங்கியது. பாதிப் பச்சையாக நின்ற பயிர், வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் காணாமல் போனது.

கொட்டிய குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்து அவர் மறுபடி கடித்தார். சத்தமே வரவில்லை. இந்த முறை துப்பவில்லை, மென்று விழுங்கிவிட்டார்.

முற்றவில்லை என்று தெரிந்தே எதற்காகக் கடித்துப் பார்த்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.