ஒரே நோட்டில் எழுத வைத்தவர்

ராஜபாளையம் மில் வேலை பிடிக்காமல் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் பட்டாளத்து விறைப்போடு ஒரு பெரியவர், மனைவியின் கையைப் பிடித்தபடி நின்றார். கக்கத்தில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று.

“இந்த ஆளு காலையிலருந்து கைய விடமாட்டேங்கான். யாருன்னு கேளுப்பா,” என்றார் அந்த அம்மா என்னிடம்.

“வீட்டுக்காரன்தான் தம்பி. ஒரு மாசமா இவளுக்கு என்னையத் தெரியல,” என்றார் அவர்.

நரம்பு டாக்டர், இருதய டாக்டர், சிறுநீர் டாக்டர் மூவரும் அந்த அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரைகளை அந்த நோட்டில் அவர்களையே எழுத வைத்திருந்தார். எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாராம்.

“ஏசலையா?” என்றேன்.

“‘நான் என்ன பரீட்சையா எழுதுதேன்’னு ஒருத்தர் ஏசினாக. ஒருத்தர் எழுதினத மத்தவுக படிக்கணும்லா.”

அன்றுதான் நரம்பு டாக்டர் முழுதாகப் படித்தாராம். சிறுநீரை அடக்கக் கொடுத்த மாத்திரைதான் புத்தியைக் கலக்குகிறதோ என்று சந்தேகப்பட்டு, சிறுநீர் டாக்டருக்குப் போன் போட்டார். இருவரும் பேசி அதை நிறுத்தினார்கள். பத்து நாள் பெரியவர் கூடவே இருந்து, அந்த அம்மா எப்போது தெளிவாகப் பேசுகிறார் என்று இருவருக்கும் குறித்துத் தர வேண்டும்.

“சரியாயிருமா?” என்றேன்.

“மறதி முன்னமே கொஞ்சம் உண்டு. அது போகாதாம். என்னையத் தெரிஞ்சா போதும்,” என்றவர், பஸ் வரும் திசையைப் பார்த்து, “வன்னியம்பட்டியில நம்ம வயல்ல சோளம் வாடுது. என்னால வீட்ட விட்டு நகர முடியாது,” என்றார்.

எந்த ஊரிலும் பத்து நாள் தங்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. மறுநாள் காலை அவருடைய சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இறங்கினேன்.